இலவச உரத்துக்குள் தென்னையின் எதிரி! ஆகஸ்ட், செப்டம்பர் தோட்ட வேலைகள்

வணக்கம் மக்களே! முதலில் இந்த ஆளைப் பாருங்கள்.

(காட்சி: உள்ளங்கையில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழு)

உடம்பு பால் வெள்ளை, தலை பழுப்பு, தடிமன் என் கட்டை விரலுக்குச் சமம். நம்ம மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் பல வீட்டுக் கொல்லையில் இவர் சுகமாக வளர்கிறார். சோறு போட்டு வளர்ப்பது வீட்டுக்காரரேதான்! யார் இவர் என்று சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் பாடம் இருக்கிறது. சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஓட்டிவிடாதீர்கள்.

ஆகஸ்ட் வந்தாலே யூடியூபில் இங்கிலாந்துக்காரர்கள், "கோடை முடிகிறது, வெங்காயத்தைப் பிடுங்குங்கள், டாஃபோடில் கிழங்கு ஊன்றுங்கள்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்கு அது சரி. அங்கே பகல் கிடுகிடுவென்று குறையும். நமக்கோ ஜூனுக்கும் டிசம்பருக்கும் பகல் நேர வித்தியாசம் அரை மணி சொச்சம்தான். நாம் பார்க்க வேண்டியது மழையை. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, மழை குறைவு. அக்டோபரில் காற்று மாறும்போது மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டும். அதற்குள் முடிக்க வேண்டியதுதான் இப்போதைய வேலை.

முருங்கையை இடுப்பளவுக்கு வெட்டுங்கள். மழை தொடங்கியதும் அந்தக் கழியையே ஊன்றலாம். கறிவேப்பிலைக்கு நுனி கிள்ளுங்கள். மிளகாய், கத்தரி நாற்றைக் கூரைக்கடியில் விடுங்கள். லோங்காங்கில், அதாவது வீட்டோரச் சாக்கடைக் காலில், அடைத்த மண்ணை அள்ளுங்கள். பூச்சட்டித் தட்டில் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசு முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். சருகைக் கொளுத்த வேண்டாம். புகைமூட்டம் வருகிற மாதங்களில் நம் பங்குக்கு வேறு புகை எதற்கு? அதைச் செடிக்கடியில் பரப்புங்கள்.

சருகு போதவில்லையா? தோட்டப்புறத்தில் இருப்பதன் லாபமே இங்கேதான். செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, ஆலையில் பழத்தை உதிர்த்தபின் வெறுங்குலை மிஞ்சும். 100 கிலோ குலை உள்ளே போனால் 20, 23 கிலோ இப்படித்தான் வெளியே வரும். சாம்பல் சத்து (பொட்டாசியம்) நிறைய. ஈரத்தைப் பிடித்து வைக்கும், களையை அமுக்கும். தோட்டங்களே இதை மரத்தடியில் பரப்புகின்றன. நீங்களும் ஆலையில் கேட்டு வாங்கலாம்.

ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? லோரியில் வந்ததை அப்படியே கொல்லை மூலையில் மலையாகக் குவித்து, "மக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் நம்ம வெள்ளைக்காரர் பிறக்கிறார்! இவர் காண்டாமிருக வண்டின் புழு.

தாய் வண்டுக்குப் பிடித்த பிரசவ அறை மக்கும் குவியல்தான். வெறுங்குலை, பட்டுப்போன தென்னைமரம், மாட்டுச்சாணம், எதுவானாலும் சரி. புழு மாதக்கணக்கில் உள்ளேயே தின்று கொழுக்கும். புழுவாக இருக்கும்வரை உங்கள் தென்னைக்கு ஒன்றும் ஆகாது. மக்கிய குப்பைதான் அதன் சாப்பாடு. வண்டாகி இறக்கை வந்ததும்தான் வினை. ராத்திரியில் பறந்துபோய்க் குருத்தைத் துளைத்து உள்ளே இறங்கும். அப்போது வெளியே ஒன்றும் பெரிதாகத் தெரியாது. குருத்து விரியும்போதுதான் மட்டையில் முக்கோண முக்கோணமாக வெட்டு விழுந்திருக்கும். சின்ன வயதில் காகிதத்தை மடித்துக் கத்தரித்து விரிப்போமே, அச்சு அசல் அதே வேலைப்பாடு! எனக்கு இந்த வண்டின் மீது கோபத்தை விட மரியாதைதான் அதிகம்.

ஆணா பெண்ணா என்று பார்க்க ஆசையா? நீளமான கொம்பு ஆணுக்கு. வால் பக்கம் பழுப்பு முடிக் கொத்து இருந்தால் அது அம்மா.

என்ன செய்யலாம்? குலையை ஒரே அடுக்காகப் பரப்புங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாதீர்கள். ஏற்கெனவே குவித்திருந்தால் மழைக்கு முன் மண்வெட்டியால் பிரட்டுங்கள். புழு உருண்டு வெளியே விழும். நாட்டுக்கோழியை அவிழ்த்து விடுங்கள், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். காசில்லாத விருந்து, முட்டையும் நமக்கு! குருத்தில் ஓட்டையும் மென்று துப்பிய நாரும் தெரிந்தால், வளைத்த கம்பியை விட்டு வண்டை இழுத்து எடுங்கள். ஓட்டையை அப்படியே விடுவது ஆபத்து. அதன் வழியாகச் சிவப்புக் கூன்வண்டு நுழைந்தால் மரமே போய்விடும்.

இன்றைக்கே உங்கள் தென்னையை அண்ணாந்து பாருங்கள். முக்கோண வெட்டு இருந்தால், எந்த ஊர் என்று எழுதிப் படத்தைக் கீழே போடுங்கள். சிவப்புக் கூன்வண்டுக்கு அடுத்த வீடியோ, சந்தா செய்து வையுங்கள்!