புது கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களா? முதலில் வாட் கணக்கைப் பாருங்க

[திரையில்: இரண்டு மேக் மினி பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு எண்கள்.]

வணக்கமுங்க. இடது பக்கம் இருப்பது 2018-ல் வந்த மேக் மினி, ஆப்பிளின் சின்ன டெஸ்க்டாப். உள்ளே இன்டெல் ஐ7 சிப். எந்த வேலையும் கொடுக்காமல் ஆன் செய்து வைத்திருந்தாலே 19.9 வாட் இழுக்கும். முழு வேலை கொடுத்தால் 122 வாட். வலது பக்கம் இருப்பது 2020 நவம்பரில் வந்த மேக் மினி, உள்ளே ஆப்பிளே வடிவமைத்த எம்1 சிப். சும்மா இருக்கும்போது 6.8 வாட், முழு வேலையில் 39 வாட். ஆப்பிள் நிறுவனமே வெளியிட்ட கணக்கு இது. இத்தனைக்கும் பெரும்பாலான வேலைகளில் வலது பக்கம் இருப்பதுதான் வேகம்.

2024-ல் எம்4 சிப்போடு வந்த மேக் மினி இன்னும் கீழே போய்விட்டது. சும்மா இருக்கும்போது 4 வாட்தான். ஒரு சின்ன எல்இடி பல்பு இழுக்கும் அளவு.

கடந்த சில வருடங்களில் கம்ப்யூட்டர் உலகில் நடந்த பெரிய விஷயம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஏஐ ஸ்டிக்கர், மெல்லிய உடம்பு, பளபளப்பான திரை எல்லாம் இதற்கு அப்புறம்தான். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் தொழில் செய்கிறவர்கள் புது மெஷின் வாங்கும்போது இதை எப்படிப் பார்ப்பது என்று பேசலாம்.

[திரையில்: யுபிஎஸ் ஒன்றின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கறுப்பு பேட்டரியைக் காட்டுதல்.]

வாட் நமக்கு ஏன் முக்கியம்? இதோ காரணம். கடைகளிலும் சின்ன ஆபீஸ்களிலும் மேஜைக்குக் கீழே இருக்கும் யுபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் இந்த ஒரு பேட்டரிதான் இருக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 84 வாட்-மணி. அதுவும் காகிதக் கணக்கு. மாற்றும்போது கொஞ்சம் வீணாகும். இழுவை அதிகமானால் இந்த ரக பேட்டரி கொடுக்கும் மொத்தமே குறைந்துவிடும். பழைய டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 120 வாட் இழுத்தால், பில் போட்டுக்கொண்டிருப்பதை சேவ் செய்து ஷட்டவுன் செய்யத்தான் நேரம் இருக்கும். அதே பேட்டரியில் 30 வாட் மட்டும் இழுக்கும் மெஷின் இருந்தால், கரண்ட் போனாலும் கடைக்காரர் பதற்றமில்லாமல் வேலையை முடிக்கலாம். மாதப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். சூடும் குறைவு. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பஞ்சுத்தூசி உள்ளே போவதும் குறையும். பனியன் கம்பெனிக்குள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, இவ்வளவு குறைவான வாட்டில் இவ்வளவு வேகம் எப்படிச் சாத்தியமானது?

[திரையில்: மேலேறும் வளைகோடு. வேகம் ஒரு பக்கம், மின்சாரம் ஒரு பக்கம்.]

சிப் இழுக்கும் மின்சாரம் இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. ஒன்று, ஒரு நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்பது. கிகாஹெர்ட்ஸ் என்று சொல்கிறோமே, அதுதான். இரண்டாவது, வோல்டேஜ். இதில் வோல்டேஜ் இரண்டு தடவை பெருக்கப்படும், அதாவது வோல்டேஜ் பெருக்கல் வோல்டேஜ். வேகத்தைக் கூட்ட வேண்டும் என்றால் வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருக்கும். இரண்டையும் 20 சதவீதம் ஏற்றினால் 1.2 பெருக்கல் 1.2 பெருக்கல் 1.2. அதாவது 20 சதவீத வேகத்துக்கு ஏறக்குறைய 73 சதவீதம் கூடுதல் மின்சாரம்! இத்தனை வருடம் கிகாஹெர்ட்ஸ் ஏற்றி ஏற்றி நாம் வாங்கிய சூடு முழுக்க இந்தக் கணக்கில் இருந்து வந்ததுதான்.

எம்1 வேறு வழியில் போனது. துடிப்பை 3.2 கிகாஹெர்ட்ஸிலேயே நிறுத்திவிட்டு, ஒரே துடிப்பில் எட்டு கட்டளைகள் வரை பிரித்தெடுக்கும்படி சிப்பை அகலமாகக் கட்டினார்கள். அந்த நேரத்து இன்டெல் சிப்கள் நான்கைந்து கட்டளைகளை எடுத்துக்கொண்டு 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. போர்வெல் மோட்டார் வாங்கும்போது எச்பி மட்டுமா கேட்கிறோம்? எத்தனை அடியில் இருந்து எவ்வளவு தண்ணி தள்ளும் என்று கேட்கிறோம் இல்லையா? கிகாஹெர்ட்ஸையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

எம்1 சேர்ந்த சிப் குடும்பத்துக்கு ஆர்ம் என்று பெயர். நம் செல்போன் முழுக்க இதுதான் ஓடுகிறது. இதன் பிறப்பே அருமையான கதை. 1985 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஏகார்ன் என்ற கம்பெனியில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப் கைக்கு வந்தது. போர்டில் பொருத்தினார்கள், ஓடியது. எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தால் பூஜ்ஜியம். தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சிப்புக்கான மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை. பக்கத்து சர்க்யூட்களில் இருந்து சிக்னல் கம்பிகள் வழியாகக் கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடியிருக்கிறது. ஒவ்வொரு முறை இதை நினைக்கும்போதும் எனக்குச் சிலிர்க்கும்.

[திரையில்: திருப்பூர். எம்ப்ராய்டரி மெஷின்கள் வரிசையாக ஓடும் சத்தம். ஊசிகள் நெருக்கத்தில்.]

விண்டோஸ் பக்கம் இதே சிக்கனம் 2024 ஜூனில் ஸ்நாப்டிராகன் எக்ஸ் லேப்டாப்களோடு வந்தது. அதுவும் ஆர்ம்தான். பேட்டரி அட்டகாசம். மூடி வைத்து மறுநாள் திறந்தால் சார்ஜ் அப்படியே இருக்கிறது. பழைய இன்டெல் மென்பொருட்களை ஓட்டுவதற்காக பிரிஸம் என்ற மொழிபெயர்ப்பு அடுக்கை விண்டோஸ் 11-க்குள் வைத்திருக்கிறார்கள். அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது.

அப்படி ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, தெரிந்த அண்ணன் ஒருவருடைய எம்ப்ராய்டரி யூனிட்டுக்குப் போனேன். ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறவர். பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க தம்பி, இதுல நம்ம பஞ்சிங் சாப்ட்வேர் ஓடுமுங்களா?"

டிசைனை ஊசித் தையலாக மாற்றும் சாப்ட்வேர் அது. இன்ஸ்டால் ஆனது. திறந்தது. சின்னத் திரை வந்து, மெனு எல்லாம் வந்து, அப்புறம் ஒரு பெட்டி: கீ கிடைக்கவில்லை. யுஎஸ்பியில் டாங்கிள், அதாவது அந்த சாப்ட்வேரைத் திறக்கும் சாவி மாதிரியான சின்னக் கருவி, குத்தித்தான் இருக்கிறது, அதன் விளக்குக்கூட எரியவில்லை. இணைத்த கருவிகளைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணம். அந்தக் கருவி வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

[திரையில்: டிவைஸ் மேனேஜர். மஞ்சள் முக்கோணம் பெரிதாக.]

இங்கே என்ன நடந்தது என்று நிதானமாகப் பார்க்கலாம், இதுதான் நம்ம ஊர் தொழிலுக்கு மிக முக்கியமான இடம். பிரிஸம் மென்பொருளின் கட்டளைகளை ஓடும்போதே மாற்றிக் கொடுக்கும். ஆனால் டாங்கிளை விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவர் சாதாரண மென்பொருள் இல்லை, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் போய் உட்காரும். கெர்னலுக்குள் மொழிபெயர்ப்பு கிடையாது. அந்த டிரைவரை ஆர்முக்காகத் தனியாக எழுதித் தந்தால்தான் உண்டு. பென் டிரைவ், கீபோர்டு, மவுஸுக்கெல்லாம் விண்டோஸே பொதுவான டிரைவர் வைத்திருப்பதால் அவை சிக்கல் இல்லாமல் ஓடும். பத்து வருடத்துக்கு முன்னால் வாங்கிய டாங்கிளுக்கும், பழைய பார்கோடு பிரின்டருக்கும், கட்டிங் பிளாட்டருக்கும்தான் ஆபத்து. ஏற்றுமதி செய்கிறவர்கள் டிஜிட்டல் கையெழுத்துக்கு வைத்திருக்கும் டிஎஸ்சி டோக்கன் என்ற யுஎஸ்பி கருவியையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஆர்ம் வேண்டவே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். பிரவுசர், எக்செல், மெயில், வீடியோ எடிட்டிங் என்று இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல லேப்டாப் சொல்வது கஷ்டம். டாங்கிள் வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. 2024 செப்டம்பரில் இன்டெல் வெளியிட்ட லூனார் லேக், அதாவது கோர் அல்ட்ரா 200வி வரிசை. இதுவும் வாட் கணக்கில் நன்றாக இறங்கிவிட்டது. பழைய இன்டெல் குடும்பமே என்பதால் 64 பிட் விண்டோஸுக்கு டிரைவர் இருக்கும் பழைய டாங்கிளுக்கு இங்கே வழி உண்டு. ஒன்று மட்டும் கவனியுங்கள். இதில் ராம் சிப்போடு சேர்ந்தே வருகிறது, 16 அல்லது 32 ஜிபி. பின்னால் கூட்ட முடியாது. பஞ்சிங், கோரல், டாலி எல்லாம் ஒன்றாகத் திறந்து வைப்பவர்கள் 32-க்குப் போய்விடுங்கள். 2025 கடைசியில் இருந்து ஏஐ சர்வர்களுக்காக ராம் விலை ஏறிக்கொண்டே போனது வேறு. ராம் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம், நம்மைப் போன்றவர்களுக்கு ராம் விற்கும் தன்னுடைய குரூஷியல் பிராண்டையே மூடப் போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது.

[திரையில்: டாஸ்க் மேனேஜர். என்பியு வரைபடம் தரையோடு தரையாக.]

ஏஐ ஸ்டிக்கர் பற்றிக் கேட்பீர்கள். கோபைலட் பிளஸ் என்று எழுதியிருந்தால், நொடிக்குக் குறைந்தது 40 லட்சம் கோடி கணக்குகள் போடும் என்பியு என்ற ஏஐ வேலைக்கான தனிப் பகுதி, குறைந்தது 16 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்பு மூன்றும் இருக்கிறது என்று அர்த்தம். டாலியும் பிரவுசரும் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் அந்த என்பியு கோடு அசையவே இல்லை. வீடியோ காலில் பின்புறத்தை மங்கலாக்கினால் கொஞ்சம் எழுகிறது. இதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் அந்த ஸ்டிக்கர் 16 ஜிபிக்கு உத்தரவாதம், அது நல்ல விஷயம்.

இன்னும் விண்டோஸ் 10-ல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான இலவச ஆதரவு முடிந்தது. வீட்டு கம்ப்யூட்டர்களுக்குப் பதிவு செய்தால் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி வேண்டும், இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். அது இல்லாத மெஷினைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். 2011-ல் இருந்து அரசு கொடுத்த லேப்டாப்கள்கூட நிறைய வீடுகளில் அலமாரிக்குள் கிடக்கின்றன. ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் பொருந்தும் வேகமான சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லேசான லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் பிள்ளைகள் படிக்கவும் டைப் அடித்துப் பழகவும் போதும்.

[திரையில்: கடை மேஜையில் புது லேப்டாப், பக்கத்தில் பழைய டாங்கிள்.]

காந்திபுரத்தில் வாங்கினாலும் சரி, ஈரோட்டில் வாங்கினாலும் சரி, கடைக்குப் போகும்போது உங்கள் டாங்கிளையும் டோக்கனையும் கையோடு எடுத்துப் போங்கள். பில் போடுவதற்கு முன்னால் அந்த மெஷினிலேயே குத்தி, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வராமல் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். உங்கள் யூனிட்டில் எந்த மென்பொருள், எந்த வருடத்து டாங்கிள் என்று எனக்கு எழுதுங்கள். அந்த ஆர்ம் லேப்டாப் இன்னும் கொஞ்ச நாள் என் கையில் இருக்கும். கிடைப்பதையெல்லாம் அதில் போட்டுப் பார்த்து, ஓடுவது எது, ஓடாதது எது என்று அடுத்த வீடியோவில் காட்டுகிறேனுங்க.