நமனை அஞ்சோம்
(சித்திரைச் சதயத்தன்று அப்பர் குருபூசை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, ஆண்டுதோறும் தம் சொந்தச் செலவில் இந்தப் பந்தலைப் போட்டுத் தரும் அறங்காவலர் ஐயா அவர்களே, சற்றுமுன் பாடி நம்மைக் கரைத்த ஓதுவார் ஐயா அவர்களே, நள்ளிரவில் அழைத்தாலும் மறுக்காமல் வரும் கண் மருத்துவர் அம்மையார் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். அறங்காவலர் ஐயா காய்ச்சலோடு வந்து அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம் இன்னொரு முறை.

அப்பர் பெருமானின் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, அதன் பொருள். இரண்டு, தாண்டகம் என்ற யாப்பு அந்தப் பொருளைத் தாங்கும் விதம். மூன்று, பாரதியின் ‘காலா, உனை நான் சிறு புல்லென மதிக்கிறேன்’ வரை அந்தக் குரல் வந்து சேர்ந்த வழி.

வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகுதான் நம்மில் பலர் தேவாரத்தைத் தேடுகிறோம். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது இதுதான். இந்தப் பாட்டு சாவு வீட்டில் பிறந்ததன்று. பல்லவ மன்னனின் ஆட்கள் திருவதிகைக்கு வந்து, ‘அரசன் அழைக்கிறான், புறப்படு’ என்று நின்றபோது அப்பர் தந்த மறுமொழி என்கிறது பெரியபுராணம். ஆறாம் திருமுறையின் 98ஆம் பதிகம். அதனால்தான் மறுமாற்றத் திருத்தாண்டகம் என்று பெயர்.

‘நாமார்க்குங் குடியல்லோம் நமனை யஞ்சோம்
நரகத்தி லிடர்ப்படோம் நடலை யில்லோம்
ஏமாப்போம் பிணியறியோம் பணிவோ மல்லோம்.’

எண்ணிப் பாருங்கள். ஆறு மறுப்புகள், நடுவில் ஒரே ஒரு உடன்பாடு: ஏமாப்போம், களித்திருப்போம். அல்லோம், அஞ்சோம் என்று அடுக்கிக்கொண்டே போனவர் ஐந்தாம் அடியில் அதே சொல்லை இறைவனுக்குச் சூட்டுகிறார்: ‘தாமார்க்குங் குடியல்லாத் தன்மையான சங்கரன்.’ அவன் எவர்க்கும் குடியல்லன். அவனுக்கு ‘மீளா ஆள்’ ஆன நானும் எவர்க்கும் குடியல்லேன். இதைவிடச் சுருக்கமாக ஒருவர் தம் நம்பிக்கையைச் சொல்லி நான் படித்ததில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அழைத்தவன் அரசன். அவன் பெயர் பாட்டில் இல்லை, நமன் பெயர் இருக்கிறது. அரசன் கையில் இருக்கும் கடைசி ஆயுதம் சாவுதான். அதற்கே அஞ்சாதவனை அவன் என்ன செய்ய முடியும்? இதே அதிகையில்தான் ஒரு நாள் சூலை நோய் வயிற்றைக் குடைய, ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’ என்று அவர் கதறினார். அவருடைய முதல் பாட்டின் முதல் சொல்லே கூற்று, அதாவது நமன். வலி என்னவென்று தெரிந்தவர்தான் ‘பிணியறியோம்’ என்கிறார். படைகளுக்கு எதிரே தனி ஆளாய் நின்றபோதும் நான் என்று சொல்லவில்லை, நாம் என்றார். அந்த ‘நாம்’ என்ற சொல்லுக்குள் இந்தப் பந்தலில் இருக்கும் நீங்களும் நானும் உண்டா? என்னைப் பல ஆண்டுகளாக உறுத்தும் கேள்வி இது.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தேவாரம் பாடியே வாழ்ந்த ஒரு பெரியவர் விடியற்காலை இரண்டு மணிக்குக் காலமானார். கண் தானம் செய்வதாக எழுதிக் கொடுத்திருந்தார். மகன் தொலைபேசியில் அழைக்க, நான் ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மருத்துவர் குழுவும் வந்துவிட்டது. ஆனால் திண்ணையில் இருந்த உறவினர் ஒருவர் எழுந்து வழியை மறித்தார். ‘கண்ணைப் பிடுங்கி அனுப்பினால் அடுத்த பிறவியில் குருடனாகப் பிறப்பான்’ என்றார். மகன் அழுகிறான், மருமகள் வாய் திறக்கவில்லை. ஆறு, ஆறேகால், ஆறரை. ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எட்டு மணி ஆகிவிட்டால் நானும் குழுவும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

ஏழு மணிக்கு முதல் பஸ்ஸில் அக்காள் வந்து இறங்கினார், எண்பது வயது இருக்கும். தம்பியின் முகத்தைத் தடவிக் கொடுத்தார், அழவில்லை. என்ன தகராறு என்று கேட்டார், சொன்னோம். அந்த அம்மையார் நிமிர்ந்து, ‘கண்காள் காண்மின்களோ கடல் நஞ்சுண்ட கண்டன் தன்னை’ என்று முழு அடியையும் பாடினார். ‘என் தம்பி தினமும் பாடியது இது. அவன் கண் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கட்டும். சாம்பலுக்கு எதற்கடா கண்?’ என்றார். திண்ணையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. வழி மறித்த அதே உறவினர்தான் உள்ளே போய், கண் உலராமல் இருக்க மின்விசிறியை நிறுத்தினார். தம்பி அப்பரைக் கரையேற்றிய அக்காள் திலகவதியாரை நான் பெரியபுராணத்தில் படித்திருக்கிறேன். அன்று கண்ணால் பார்த்தேன்.

அடுத்த பிறவி என்று அஞ்சுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணைப் பெயர்த்து அப்பியவர் கண்ணப்பர். அவருக்கு வீடுபேறு கிடைத்ததா, குருட்டுப் பிறவி கிடைத்ததா? அப்பரே அவரைத் திருக்குறுக்கைப் பதிகத்தில் வில்லும் அம்பும் இறைச்சிச் சுமையுமாகப் படம் பிடித்திருக்கிறார். கண்ணாடி அணிந்தவரும் தரலாம், சர்க்கரை நோய் உள்ளவரும் தரலாம், கண்புரை அறுவை செய்தவரும் தரலாம். இருபது நிமிட வேலை, முகம் கோணாது. கருவிழி பழுதால் பார்வை இழந்த இரண்டு பேர் பார்ப்பார்கள். இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள். மருத்துவர் வரும்வரை அது போதும்.

தாண்டக யாப்பையும் பாரதியையும் அடுத்த ஆண்டு இதே மேடையில் பேசுவேன். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இப்போது ஓதுவார் ஐயா திருப்புகலூர்ப் பதிகத்தைப் பாடுவார்கள். மறுமாற்றத்துக்கு அடுத்து வரும் 99ஆம் பதிகம் அது; ‘உன்னடிக்கே போதுகின்றேன்’ என்று அப்பர் விடைபெற்ற பாட்டு. படிவங்கள் வாசலில் இடப்பக்க மேசையில் இருக்கின்றன. கையெழுத்திட்ட கையோடு வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். அன்று தொலைபேசியை எடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.