கண்டெய்ன் ஆளை வடிகட்டாது, மக்களே

வணக்கம் மக்களே. இன்றைக்கு கேக்பிஎச்பியில், அதாவது வெப் ஆப் எழுத உதவும் பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில், நான் வாங்கிய ஒரு அடியைச் சொல்லப்போகிறேன், நீங்களாவது வாங்காமல் இருங்கள்.

ஒரு மொத்த மளிகைக் கடைக்கு பில்லிங் ஆப் செய்துகொண்டிருந்தேன். கஸ்டமர்ஸ் ஒரு டேபிள், பில்ஸ் ஒரு டேபிள், ஒருவருக்குப் பல பில், அதாவது ஹேஸ்மெனி உறவு. பாக்கி வைத்தவர்களுக்கு மட்டும் எஸ்எம்எஸ் போக வேண்டும். நானும் கஸ்டமர்ஸை எடுக்க ஃபைண்ட் போட்டு, கூடவே உறவு டேபிளையும் எடுத்துவரும் கண்டெய்னில் பில்ஸைக் கொடுத்து, அதற்குள்ளேயே ஒரு வேர் (where, அதாவது நிபந்தனை) வைத்து பெய்ட் ஃபால்ஸ், அதாவது பணம் கட்டாதது, என்று எழுதினேன், டெஸ்ட் டேட்டாவில் இருந்ததே மூன்று பேர், மூவருக்கும் பாக்கி, சரி ஓடுகிறது என்று சர்வரில் ஏற்றிவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கே கடைக்காரர் போன். "தம்பி, காசை எண்ணிக் கொடுத்துட்டுப் போனவங்களுக்கெல்லாம் பாக்கின்னு மெசேஜ் போயிருக்கு, கடை வாசல்ல வந்து நிக்கிறாங்க." மெசேஜில் தொகை வேறு: பாக்கி ரூ. 0!

இப்போது திரையைப் பாருங்கள், கேக்கின் பிழைதேடும் கருவியான டீபக்கிட்டில், டேட்டாபேஸுக்குப் போன குவெரிகளைக் காட்டும் எஸ்க்யூஎல் லாக்கைத் திறக்கிறேன். இரண்டு குவெரி ஓடியிருக்கிறது. முதலாவது கஸ்டமர்ஸை எடுக்கிறது, அதில் வேர் என்ற பேச்சே இல்லை. இரண்டாவது அந்த ஐடிகளை வைத்துக்கொண்டு பில்ஸுக்குப் போகிறது, என் நிபந்தனை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பாக்கி இல்லாதவருக்கு பில்ஸ் காலியாக வரும், ஆள் பட்டியலில் அப்படியே இருப்பார்.

அந்த வேரை மெயின் குவெரிக்குத் தூக்கினால்? 'அன்நோன் காலம்' (unknown column, தெரியாத பத்தி) என்று டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் கத்தும், ஏனென்றால் ஹேஸ்மெனிக்கு அங்கே ஜாயின், அதாவது இரண்டு டேபிளை ஒரே குவெரியில் இணைப்பது, கிடையாது. இதுவே பிலாங்ஸ்டூ, அதாவது பில்லிலிருந்து அதன் ஒரே கஸ்டமருக்குப் போகும் உறவு, என்றால் கேக் ஜாயின் போட்டுத்தான் எடுக்கும், அதனால் வேலை செய்யும். ஒரு இடத்தில் ஓடுகிறது, இன்னொரு இடத்தில் உதைக்கிறது, புதிதாக வருகிறவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான்.

ஆளை வடிகட்ட மேட்சிங் இருக்கிறது. அது இன்னர் ஜாயின் போடும், பாக்கி பில் இருந்தால்தான் ஆள் வருவார். ஆனால் நான்கு பில் பாக்கி வைத்தவர் நான்கு தடவை வருவார், நான்கு எஸ்எம்எஸ்! அதற்கு கஸ்டமர் ஐடியில், ஒருவரை ஒரு தடவை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்ட் வைக்கப் போனால், மைஎஸ்க்யூஎல்லுக்கு கேக் அதை குரூப் பையாக மாற்றி அனுப்பும், மேட்சிங் பில்ஸ் காலங்களையும் செலக்ட் செய்வதால் 5.7 முதல் மைஎஸ்க்யூஎல் அதன் இயல்பான அமைப்பில் அதை ஏற்காது. அதனால் நான் இன்னர்ஜாயின்வித் பக்கம் போய்விட்டேன். அதுவும் வடிகட்டும், ஆனால் பில்ஸ் காலங்களை இழுத்து வராது, அதனால் அதோடு டிஸ்டிங்ட் வைத்தால் ஓடும். தொகைக்கு பில் விவரம் வேண்டுமே, அதற்குப் பழைய கண்டெய்ன், உள்ளே அதே வேர். டிஸ்டிங்டோடு இன்னர்ஜாயின்வித், கண்டெய்ன் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம், கடைக்காரர் பாக்கி இல்லாதவர்களுக்கு மன்னிப்பு மெசேஜ் அனுப்பச் சொன்னார். மேட்சிங்கின் எதிரான நாட்மேட்சிங், அதே வேர், முடிந்தது. பில்லே போடாத கஸ்டமர்களும் அதில் வருவார்கள், வரட்டும், அவர்களுக்கும்தானே ரூ. 0 பாக்கி என்று போயிருந்தது.