கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட் என்றால் பாதி வழி வந்தாயிற்று

நேயர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யூனிக்ஸில் சாக்கெட் நிரல், அதாவது கணினிகள் வலை வழியாக ஒன்றோடொன்று பேசும் நிரல், எழுதச் சொல்லித் தருகிறேன். வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், திரையில் ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தில் ஒரு வரி பிழைச் செய்தி வந்ததும் பலரும் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்கள். துடைக்காதீர்கள். வேண்டிய துப்பு அந்த வரியில்தான் இருக்கிறது.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று வந்தால், நீங்கள் அனுப்பியது பெரும்பாலும் எதிர்க் கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்கள் தட்டிய போர்ட்டில், அதாவது அந்த எண் போட்ட கதவில், காது கொடுத்துக் கேட்க நிரல் எதுவும் இல்லை, அவ்வளவுதான். ‘டைம்ட் அவுட்’ என்றால் பதிலே வரவில்லை. முகவரியையோ, வழியில் தடுக்கும் ஃபயர்வாலையோ பாருங்கள். இரண்டும் வேறு வேறு நோய், வேறு வேறு மருந்து.

இங்கே ஒரு மாணவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 8080 போர்ட்டில் காத்திருந்து பதில் சொல்லும் சர்வர் நிரல் எழுதினாள். அதைக் கூப்பிடும் கிளையன்ட் நிரலையும் அவளே எழுதினாள்; அது சர்வருடன் நன்றாகப் பேசியது. பிரவுசரில் திறந்தால் மட்டும் ரெஃப்யூஸ்ட். பிரவுசர்தான் கெட்டுவிட்டது என்று அடித்துச் சொன்னாள். சரி, சர்வர் எந்த போர்ட்டில் காத்திருக்கிறது என்று கணினியையே கேட்போம் என்றேன். லினக்ஸில் ‘எஸ்எஸ்’ கட்டளையைப் போட்டோம். 8080 இல்லை, 36895 என்று நின்றது! எங்கிருந்து வந்தது இந்த எண்? 8080 இரண்டு பைட்டில் அடங்கும். இன்டெல் செயலி சிறிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும்; வலையில் பெரிய மதிப்புள்ளது முதலில் போக வேண்டும். மாற்றாமல் விட்டால் இரண்டும் இடம் மாறி, 8080 என்பது 36895 ஆகிவிடும். மாற்றித் தருவதற்கு ‘ஹெச்டிஓஎன்எஸ்’ என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. சர்வரிலும் கிளையன்டிலும் அதை விட்டிருந்தாள். இரண்டு பக்கமும் ஒரே தவறு, அதனால் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. இதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: உங்கள் சர்வரை உங்கள் கிளையன்டை மட்டும் வைத்துச் சோதிக்காதீர்கள். எந்த போர்ட்டோடும் பேசிப் பார்க்க ‘நெட்கேட்’ என்ற கருவி இருக்கிறது, பிரவுசர் இருக்கிறது. வேறொருவர் எழுதியதோடு பேச விடுங்கள்.

அப்புறம் ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’. சர்வரை நிறுத்தி உடனே மறுபடி ஓட்டினால் வரும். முதலில் மூடிய பக்கத்தில் பழைய இணைப்பு ‘டைம் வெயிட்’ நிலையில் கொஞ்ச நேரம் கிடக்கும். லினக்ஸில் 60 நொடி. சர்வரை போர்ட்டோடு பிணைக்கும் ‘பைண்ட்’ செய்வதற்கு முன்பே, அதே முகவரியை மறுபடி எடுக்க விடும் ‘ரீயூஸ் அட்ரஸ்’ வசதியைப் போட்டுவிடுங்கள். பின்னால் போட்டுப் பயனில்லை.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. வந்த தரவைப் படிக்கும் ‘ரிசீவ்’ ஃபங்ஷன் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். தரவைக் கொண்டுபோகும் டிசிபி என்ற முறை, வாய்க்கால் தண்ணீர் போல. மேலே எத்தனை குடமாக ஊற்றினாலும் கீழே குடக்கணக்கில் வராது. ஒரே தடவையில் முழுச் செய்தியும் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். வேண்டிய அளவு சேரும்வரை சுற்றிச் சுற்றிப் படியுங்கள். ‘ரிசீவ்’ தரும் விடை பூஜ்யம் என்றால் எதிர்ப்பக்கம் மூடிவிட்டது. மைனஸ் ஒன்று வந்தால் பிழை. அந்த இடத்திலேயே, பிழைச் செய்தியைக் காட்டும் ‘பிஎரர்’ போட்டு என்ன பிழை என்று பாருங்கள். நன்றி, வணக்கம்.