தூமாவை ஆண்ட ஜெய்ஷ் அல் இஸ்லாம்

(திரையில்: சிரியா வரைபடம். டமாஸ்கஸை ஒட்டிய தூமா பெரிதாகிறது.)

டமாஸ்கஸுக்கு வடகிழக்கில், கிழக்கு கூத்தா என்ற விவசாயப் பகுதியின் பெரிய ஊர் தூமா. சிரியா உள்நாட்டுப் போரில், 2018 ஏப்ரல் வரை இந்த ஊர் ஜெய்ஷ் அல் இஸ்லாம் என்ற ஆயுதக் குழுவின் பிடியில் இருந்தது. அதிபர் அசாத்தை எதிர்த்தவர்கள் என்பதால் சிலர் இவர்களை வீரர்கள் என்கிறார்கள். இஸ்லாமியக் குழு என்பதால் சிலர் ஐஎஸ் இயக்கத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். இரண்டுமே தூமா மக்கள் பட்ட பாட்டை மறைத்துவிடும்.

குழுவை உருவாக்கிய ஸஹ்ரான் அல்லூஷ் தூமாக்காரர். தந்தை, இஸ்லாத்தின் கடும் பழமைவாதப் போக்கான ஸலஃபியைச் சேர்ந்த மார்க்க அறிஞர். மகன் மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2009இல் கைதாகி செத்நாயா சிறைக்குப் போனார். 2011 மார்ச்சில் மக்கள் போராட்டம் வெடித்தது. அமைதியாக ஊர்வலம் போனவர்களைப் பிடித்து அடைத்துக்கொண்டிருந்த அதே அரசு, ஜூனில் அல்லூஷை வெளியே விட்டது. அஹ்ரார் அல் ஷாம் என்ற இன்னொரு ஆயுதக் குழுவின் தலைவர் ஹஸன் அப்பூதும் அதே சிறையிலிருந்து அதே ஆண்டு வெளிவந்தவர்தான். போராட்டத்துக்கு மதச்சாயம் பூசத்தான் இவர்களை விடுவித்தார்கள் என்பது அசாத் எதிர்ப்பாளர்கள் பலரின் குற்றச்சாட்டு.

அல்லூஷின் சிறு படை முதலில் லிவா அல் இஸ்லாம் ஆனது. 2013 செப்டம்பரில் சுமார் ஐம்பது குழுக்கள் சேர்ந்து ஜெய்ஷ் அல் இஸ்லாம் பிறந்தது. சவூதி ஆதரவு இருந்ததாகப் பரவலாகச் சொல்லப்பட்டது. ஐஎஸ்ஸோடு இவர்கள் கடுமையாகச் சண்டையிட்டார்கள், அது உண்மை. ஆனால் ஷியாக்களையும், அசாத் குடும்பம் சார்ந்த அலவி என்ற சிறுபான்மைப் பிரிவினரையும் பற்றி அல்லூஷ் பேசிய பேச்சில் வெறுப்பு கொப்பளித்தது.

(திரையில்: முற்றுகையின் எல்லைக்கோடு.)

2013 முதல் அரசுப் படை கிழக்கு கூத்தாவைச் சுற்றி வளைத்தது. அந்த ஆகஸ்ட் 21இல் ஸாரின் விஷவாயு வந்து விழுந்தது. அப்புறம் பசி. உணவும் மருந்தும் சுரங்கப்பாதை வழியாகவும் சோதனைச்சாவடி வழியாகவும்தான் வந்தன. அவை யார் கையில் இருந்தனவோ, விலையும் அவர்கள் கையில். குண்டு போட்டது அரசு, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் முற்றுகைக்குள் ஆயுதக் குழுக்களும் வணிகர்களும் சம்பாதித்ததை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். தவ்பா சிறையில் அடைபட்ட உறவினர்களை விடுவிக்கச் சொல்லியும் கேட்டார்கள். அது ஜெய்ஷ் அல் இஸ்லாம் நடத்திய சிறை.

இங்கேதான் ரஸான் ஸைதூனேயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அசாத் ஆட்சியில் அரசியல் கைதிகளுக்காக வாதாடிய வழக்கறிஞர். போர் வந்தபின் எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் பதிவு செய்தார், ஆயுதக் குழுக்கள் செய்தவை உட்பட. அரசுக்குத் தப்பி தூமாவுக்கு வந்தவரை, 2013 டிசம்பர் 9 இரவு முகமூடிக்காரர்கள் கடத்தினார்கள். கணவர் வாயில் ஹமாதே, தோழி சமீரா கலீல், கவிஞர் நாஸிம் ஹம்மாதி ஆகியோரும் கூடவே கடத்தப்பட்டார்கள். சந்தேகம் ஜெய்ஷ் அல் இஸ்லாம் மேல் விழுந்தது. அவர்கள் கடைசிவரை மறுத்தார்கள்.

2015இல் இன்னொரு காட்சி. அக்டோபர் இறுதியில் தூமா சந்தையில் அரசின் குண்டுகள் விழுந்து பலர் இறந்தார்கள். உடனே ஜெய்ஷ் அல் இஸ்லாம் குழுவினர் அலவிக் கைதிகளை, பெண்கள் உட்பட, இரும்புக் கூண்டுகளில் அடைத்து லாரியில் ஏற்றித் தெருத்தெருவாக நிறுத்தினார்கள். விமானத் தாக்குதலுக்குத் தடுப்பாக மனிதர்கள். யார் செய்தாலும் இது போர்க்குற்றம்.

அந்த டிசம்பர் 25இல் வான்தாக்குதலில் அல்லூஷ் கொல்லப்பட்டார். அவருடைய உறவினர் முகமது அல்லூஷ் 2017இல் கஜகஸ்தானின் அஸ்தானாவில் நடந்த சிரியா பேச்சுவார்த்தையில் எதிர்ப்பாளர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஆனால் கூத்தாவுக்குள்ளேயே ஃபைலக் அல் ரஹ்மான் என்ற இன்னொரு எதிர்ப்புக் குழுவோடு 2016இலும் 2017இலும் சண்டை. அந்தப் பிளவு அரசுப் படைக்கு வசதியானது. 2018 ஏப்ரல் 7இல் தூமாவில் குளோரின் தாக்குதல். அடுத்த சில நாட்களில் குழு பேருந்துகளில் ஏறி வடக்கே, துருக்கி ஆதரவுப் பகுதிக்குப் போனது. 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி விழுந்தது. 2025 ஜனவரியில் மற்ற ஆயுதக் குழுக்களோடு இதுவும் கலைக்கப்பட்டதாக அறிவித்தார்கள்.

(திரையில்: பாரிஸ் நீதிமன்றம்.)

2025 மே மாதம் பாரிஸ் நீதிமன்றம் குழுவின் முன்னாள் பேச்சாளர் மஜ்தி நிமாவுக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. சிறுவர்களைப் படையில் சேர்த்ததற்கு உடந்தையாக இருந்தது அதில் முக்கியக் குற்றம். தூமாவில் கடத்தப்பட்ட நால்வர் தொடர்பான குற்றச்சாட்டு, விசாரணை தொடங்கும் முன்பே நீக்கப்பட்டிருந்தது. அவர்களுக்கு என்ன நடந்தது என்று இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.