25-க்கு 24 முறை தோற்றாலும் மறுபடி ஏன் 'ஸ்டார்ட்' அழுத்துகிறோம்?

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் அதிகமாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தென்னந்தோப்பு ஓரம் நிற்கிறேன், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மைக்கை ஒரு வழி பண்ணிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள் பேச முடியாது. ஏனென்றால் இந்த வீடியோவே அம்மா கேட்ட கேள்விதான். "தினமும் மொபைல் கேமில் தோற்றுவிட்டுத்தானே எழுந்து வருகிறாய், அப்புறம் எதற்கு மறுபடி உட்காருகிறாய்?"

சரி என்று கணக்குப் போட்டேன். நான் ஆடுவது பிஜிஎம்ஐ, அதாவது பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற துப்பாக்கி கேம். அதில் எராங்கல் என்ற மேப்பில் 100 பேர் விமானத்திலிருந்து குதிக்கிறோம், கடைசிவரை உயிரோடு நிற்கிற ஸ்குவாடுக்கு வெற்றி. நாலு நாலு பேராக 25 ஸ்குவாடு. எல்லாரும் ஒரே திறமை என்று வைத்தால் 25 மேட்சுக்கு ஒரு 'சிக்கன் டின்னர்', அதாவது ஒரு வெற்றி. மீதி 24-ம் தோல்வி. ஒரு கிரிக்கெட் டீம் இப்படித் தோற்றால் அந்த டீமின் பெயரைக்கூட வீட்டில் சொல்ல மாட்டோம்.

புதிதாக வருகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. முதல் சில மேட்சுகளில் எதிரில் நிறைய பாட், அதாவது கம்ப்யூட்டரே ஆட்டுகிற பொம்மை ஆட்கள், வரும். மரத்தடியில் நின்று வானத்தைப் பார்த்துச் சுடும். நாம்தான் பெரிய சூரன் என்று நினைத்துக்கொள்வோம். நானும் நினைத்தேன். பிளாட்டினம் ரேங்க் வந்த அன்றைக்கு அந்த நினைப்பு போய்விட்டது.

ரேங்க்தான் இழுக்கிறது என்பார்கள். ப்ரான்ஸ் (வெண்கலம்) ரேங்கில் தொடங்கி ஏஸ், அதற்கும் மேலே கான்கரர் வரை ஏணி. கான்கரர் என்பது முதல் 500 பேருக்கு மட்டும். அதுவும் சீசன் முடிந்தால் எல்லாரையும் கீழே இறக்கி விடுவார்கள். இது ஒன்றும் புதிய வித்தை இல்லை. 2007-இல் வந்த கால் ஆஃப் டூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர் என்ற துப்பாக்கி கேமில் 55-ஆம் லெவல் தொட்டதும், அதுவரை அன்லாக் ஆன துப்பாக்கிகளை எல்லாம் விட்டுவிட்டு முதல் லெவலுக்குத் திரும்பலாம். கிடைப்பது பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னம். அதற்காகவே ஆட்கள் திரும்பத் திரும்ப இறங்கி ஏறினார்கள்!

எனக்கு ரேங்க் ஒரு மாதம் வரை இழுத்தது. அதைவிடப் பெரிய கொக்கி, தோல்விக்குக் காரணம் தெரிவது. இரண்டாவது இடத்தில் செத்துப்போனால் எப்படிச் செத்தோம் என்று காட்டுகிற டெத் ரீப்ளே பார்ப்பேன். அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தால் போதும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. சரி, அடுத்த மேட்சில் இந்தப் பக்கம் படுப்போம். பரீட்சையில் தோற்றால் ஒரு வருஷம் போகும், இங்கே இரண்டு நிமிஷத்தில் விமானம் கிளம்பிவிடுகிறது.

ரிச்சர்டு ரையன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ பிரிஸிபில்ஸ்கி என்ற உளவியல்காரர்கள் 2006-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கைத்திறமை கூடுகிறது என்ற உணர்வு, நம் இஷ்டப்படி முடிவெடுக்கும் சுதந்திரம், கூட ஆள் இருக்கிறது என்ற உணர்வு. இந்த மூன்றும் கிடைக்கிற விளையாட்டுக்குத்தான் ஆட்கள் திரும்பி வருகிறார்கள் என்றார்கள். என்னைக் கேட்டால் மூன்றாவதை முதலில் போட வேண்டும்.

2020 ஞாபகம் இருக்கிறதா? கொரோனா ஊரடங்கு, தமிழ்நாடு-கேரள எல்லையில் கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்ட இ-பாஸ் வேண்டும். எங்கள் ஸ்குவாடில் ஒருவன் பொள்ளாச்சி, இரண்டு பேர் சித்தூர். ஆந்திரச் சித்தூர் இல்லை, நம்ம பாலக்காட்டுச் சித்தூர். பக்கத்து ஊர் நண்பனைப் பார்க்க வழியில்லை, ராத்திரி எட்டு மணிக்கு கேமின் லாபியில் (மேட்சுக்கு முன் எல்லாரும் கூடுகிற திரையில்) மட்டும் பார்ப்போம். அப்போது நாங்கள் ஆடியது பப்ஜி மொபைல், பிஜிஎம்ஐக்கு முந்தைய வடிவம். செப்டம்பரில் அதற்குத் தடை, அக்டோபர் 30-இல் சர்வரும் நின்றது. நான் வேறொரு ஷூட்டர் போட்டுத் தனியாக விளையாடினேன். துப்பாக்கி நன்றாக இருந்தது, துப்பாக்கிக்குப் போடுகிற ஸ்கின்னும் (மேல் டிசைனும்) அழகு. பத்து நாளில் அழித்துவிட்டேன். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்த அன்றைக்கு ராத்திரி நாலு பேரும் ஆன்லைன்.

எனக்குச் சுடவே வராது, உண்மையைச் சொல்கிறேன். என் வேலை ஸ்மோக், அதாவது புகைக்குண்டு. யாராவது அடிபட்டு நாக் ஆகி விழுந்தால் புகை போட்டு, ஊர்ந்து போய் ரிவைவ் பண்ணி எழுப்புவேன். "எடா, ஓடி வாடா" என்று சித்தூர்க்காரன் கத்தும்போது, தோற்கப் போகிற மேட்சில்கூட நான் இல்லாவிட்டால் முடியாது என்று தோன்றும் பாருங்கள், அம்மாவுக்கு எப்படி அதைச் சொல்வது?

ஒரே தகராறு, திசை. கிழக்கு, வடக்கு, தெற்கு எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மேற்குக்கு மட்டும் சித்தூர்க்காரர்கள் 'படிஞ்ஞாறு' என்பார்கள். எனக்குப் புரியும், பொள்ளாச்சிக்காரன் முழிப்பான். அவன் முழிக்கிற அந்த நேரத்தில் இரண்டு தடவை மொத்த ஸ்குவாடும் காலி. இப்போது திரையில் தெரிகிற காம்பஸ் எண்ணையே சொல்கிறோம். மேற்கு என்றால் 270. நேற்று நேரில் அவனிடம் டீக்கடைக்கு வழி கேட்டேன், "270-இல் நேராகப் போ" என்கிறான்.