யாரைக் கேட்டு மன்னித்தார்கள்?

(மட்டக்களப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பின்னுக்கு இருக்கிற தம்பிமாருக்குக் கேட்குதா? சரி. இன்றைக்கு மரண தண்டனையையும் ஜனாதிபதி கொடுக்கிற மன்னிப்பையும் பற்றித்தான் பேசப்போகிறேன்.

யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவில் பள்ளி மாணவி ஒருத்தியை 2015இல் கொன்றபோது வடக்கு கிழக்கு முழுக்கச் சனம் தெருவுக்கு வந்தது, தூக்கில் போடு என்றுதான் கத்தியது, அந்தக் கோபத்தில் ஒரு பிழையும் இல்லை. 2017இல் ஏழு பேருக்கு மரண தண்டனை தீர்ப்பானது. ஆனால் 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கில் போடவில்லை. 2019இல் தூக்குப் போடுகிற அலுகோசு வேலைக்கு விளம்பரம் போட்டார்கள், நல்லொழுக்கம் உள்ள ஆண்கள்தான் விண்ணப்பிக்கலாமாம் (கயிறு இழுக்கிறவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ்!). அப்ப ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன நாலு பேருடைய மரண உத்தரவில் கையெழுத்தும் வைத்தார், உயர் நீதிமன்றம் தடுத்தது. நல்லதுதான். பொலிஸுக்குக் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியாக எடுக்கலாம் என்று 1979இலிருந்து பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிற நாட்டில், அந்தக் கயிறு யாருடைய கழுத்தைத் தேடி வரும் என்று எங்கட ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மூதூர் றிசானா நபீக்கை நினைத்துப் பாருங்கள். பாஸ்போட்டில் வயதைக் கூட்டிப் போட்டு சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள், உண்மையில் வயது 17. அந்த வீட்டுக் குழந்தையைக் கொன்றாள் என்று வழக்கு. பால் கொடுக்கும்போது புரைக்கேறித்தான் குழந்தை செத்தது என்று அவள் சொன்னாள். குழந்தையின் தாய் தகப்பன் மன்னித்தால் உயிர் தப்பலாம், அதுதான் அங்கத்தைய சட்டம். அவர்கள் மன்னிக்கவில்லை, 2013 ஜனவரியில் தலையை வெட்டினார்கள்.

இப்ப யாழ்ப்பாணத்து மிருசுவிலுக்கு வாருங்கள். 2000 டிசம்பரில் எட்டுப் பேர் கொலை, அதில் ஒரு பிள்ளைக்கு வயது ஐந்து. குற்றவாளியான இராணுவச் சார்ஜன்டுக்கு 2015இல் மரண தண்டனை, உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், நாடே கொரோனாவுக்குப் பூட்டிக் கிடக்கும்போது, அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவரை மன்னித்து வீட்டுக்கு அனுப்பினார். செத்தவர்களுடைய குடும்பத்தை ஒரு வார்த்தை கேட்டதா?

அங்கே குடும்பத்தின் சொல்லே முழுத் தீர்ப்பு, இங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஆள் திருந்தினானா என்று இரண்டு இடத்திலும் யாரும் பார்க்கவில்லை.

மனிதன் திருந்துவான் என்று நான் நம்புகிறேன், அதனால்தான் தூக்கு வேண்டாம் என்கிறேன். ஆனால் திருந்தினதை அரசியல்வாதியின் பேனா சொல்லக்கூடாது. கொழும்புப் பக்கம் றோயல் பார்க் மாடிக் குடியிருப்பில் நடந்த கொலையின் குற்றவாளிக்கு ஜனாதிபதி கொடுத்த மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024இல் செல்லாது என்றதே, அந்த வழியைப் பிடித்துப் போவோம். ஒருவனை வெளியே விட வேண்டுமென்றால், அத்தனை வருசமும் உள்ளே என்ன செய்தான், செய்ததை ஒத்துக்கொண்டானா என்று எழுத்தில் வரட்டும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயைக் கூப்பிட்டு இருத்திக் கேட்கட்டும், அவளுக்கு விளங்குகிற பாசையில். அவள் மாட்டேன் என்றால்? அந்தப் பதிலும் கோப்பில் இருக்கட்டும். அதையும் மீறி விடுகிறார்கள் என்றால், ஏன் விட்டோம் என்று அவளுக்குக் காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும்.